ஆகஸ்டில் லியோன்: பேர்போன ஊரில் ஒரு வேளைகூட நல்ல சாப்பாடு அமையவில்லையே, ஏன்?

புளியோதரை கேட்டது:

அப்பா, அம்மாவோடு ஆகஸ்ட் இரண்டாவது வாரத்தில் லியோனில் தங்கியிருக்கிறோம். பிரான்சிலேயே சாப்பாட்டுக்குப் பேர்போன ஊர் என்பதால்தான் பாரிஸில் நாட்களைக் குறைத்துக்கொண்டு இங்கே கூட்டினோம். வந்து பார்த்தால் குறித்து வைத்த பூஷோன்கள் (லியோனின் பழைய பாணிச் சாப்பாட்டுக் கடைகள்) பாதிக்கு மேல் பூட்டிக் கிடக்கின்றன. பழைய நகரத்தில் ரூ சேன் ஜான் தெருவில் மதியம் 3 மணிக்குத் திறந்திருந்த ஓர் இடத்தில் கெனெல் (மீன் அரைத்துச் சேர்த்த முட்டை மாவுருளை, லியோனின் பேர்போன பண்டம்) கேட்டோம். பத்து நிமிடத்துக்குள் வந்துவிட்டது. ஓரமெல்லாம் கொதிக்கிறது, நடுப்பகுதி ஆறிப்போயிருக்கிறது, கடித்தால் இழுபடுகிறது. இன்னோர் இடத்தில் அம்மாவுக்காகப் பன்றித் துண்டு போடாமல் சாலட் கேட்டோம். துண்டு இல்லை, ஆனால் அந்த வாடை போகவில்லை. தண்ணீருக்கும் பில்லில் தனியாகக் காசு.

அம்மா சைவம், முட்டையும் பாலும் சேர்ப்பார். அப்பாவுக்குக் கோழியும் மீனும் போதும், மாடும் பன்றியும் வேண்டாம். தங்கியிருக்கும் வீட்டில் அடுப்பும் ஓவனும் உண்டு. இந்த ஊரில் ஆகஸ்டில் ஒழுங்காகச் சாப்பிட வழி இருக்கிறதா, இல்லை தவறான மாதத்தில் வந்துவிட்டோமா?


அடுப்படி எழுதியது:

வழி இருக்கிறது. முதலில் இங்கே கடிகாரமும் நாள்காட்டியும் எப்படி ஓடுகின்றன என்று பிடித்துக்கொள்ளுங்கள். நீங்கள் சொன்னதில் முக்கால்வாசிக் கோளாறு அதிலிருந்துதான்.

பிரான்சில் சமையற்கட்டு நாள் முழுக்க எரியாது. மதியம் 12 முதல் 2 வரை, இரவு 7 அல்லது 7.30 முதல் 9.30 வரை, அவ்வளவுதான். மதியத்துக்குக் கடைசி ஆர்டர் பெரும்பாலும் 1.30, 1.45. இரண்டு மணிக்கு வாசலில் நின்றால் மேசை காலியாக இருந்தாலும் உட்கார வைக்க மாட்டார்கள், ஏனென்றால் சமையல்காரர் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருப்பார். 3 மணிக்குத் திறந்திருப்பவை இரண்டே வகை. ஒன்று, ஆள்பலம் உள்ள பெரிய பிராசரிகள் (இடைவெளி விடாமல் நடக்கும் சாப்பாட்டுக் கூடங்கள்). மற்றது, வந்துபோகும் கூட்டத்தை மட்டும் நம்பி, ஏற்கெனவே செய்து வைத்ததைச் சுடவைத்துக் கொடுக்கும் கடைகள். ரூ சேன் ஜானிலும் ப்ரெஸ்கீல் பகுதியின் ரூ மெர்சியேரிலும் இரண்டாவது வகை நிறைய. எல்லாமே மோசம் என்று சொல்லவில்லை. திரும்பி வரவே போகாத வாடிக்கையாளரை வைத்துப் பிழைக்கும் தெருவில் கவனம் கூடுதலாகத் தேவை, அவ்வளவுதான்.

அடுத்தது மாதம். ஊழியர்களுக்குச் சட்டப்படி ஆண்டுக்கு 5 வாரம் சம்பளத்தோடு விடுப்பு. நல்ல சிறிய கடைகள் ஒருவரை ஒருவர் மாற்றிக்கொண்டு நடத்துவதில்லை. மொத்தமாகப் பூட்டிவிட்டு எல்லோரும் ஒன்றாகப் போவார்கள். ஆகஸ்டில் அலுவலகங்கள் காலியாகும், மதியச் சாப்பாட்டுக்கு வரும் உள்ளூர்க் கூட்டம் குறையும், காய்கறி, மீன், பாலாடைக்கட்டி கொடுப்பவர்களும் விடுப்பில் போவார்கள். அதனால் மாதத்தின் முதல் மூன்று வாரம்தான் மிக வறட்சி. கதவில் ‘ஃபெர்மெத்யூர் அன்யுவெல்’ (ஆண்டு விடுமுறை) என்று சீட்டு ஒட்டி, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று எழுதியிருக்கும். கூகுள் வரைபடத்தில் ‘திறந்துள்ளது’ என்று வருவதை இந்த மாதத்தில் நம்பாதீர்கள், பலர் அதைத் திருத்துவதே இல்லை. கடையின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் கடைசிப் பதிவைப் பாருங்கள். அதைவிடக் காலை 10 மணிக்கும் 11.30க்கும் நடுவில் ஒரு போன் போட்டுவிடுவது மேல். யாராவது எடுத்தால் கடை உண்டு என்று அர்த்தம். ‘எத்-வூ ஊவேர் ஸ மிதி?’ (இன்று மதியம் திறப்பீர்களா) என்று கேட்டு, அதே மூச்சில் மேசையும் சொல்லிவிடுங்கள். 12 மணிக்கு மேல் கூப்பிட்டால் யாருக்கும் எடுக்க நேரமிருக்காது.

வாரக் கணக்கும் உண்டு. ஞாயிறும் திங்களும் நிறைய இடங்களில் விடுமுறை, சில பூஷோன்களில் சனி, ஞாயிறு. செவ்வாய் முதல் வெள்ளி வரையிலான மதியம்தான் பணத்துக்கு ஏற்ற சாப்பாடு கிடைக்கும் நேரம். ‘ஃபொர்ம்யூல் து மிதி’ (ஒரே விலைக்கு மதியச் சாப்பாட்டுத் தொகுப்பு) என்று கரும்பலகையில் எழுதியிருப்பது பெரும்பாலும் அன்று காலை வாங்கிய பொருளில் செய்தது. முன்னுணவும் பிரதானமும், அல்லது பிரதானமும் இனிப்பும். அதே சமையல்காரர் இரவில் செய்வது இதைவிட நன்றாக விலை ஏறியிருக்கும். ஒரு நாளின் பெரிய சாப்பாட்டை மதியத்துக்கு மாற்றிக்கொண்டு, இரவில் வீட்டில் லேசாக முடித்துக்கொள்ளுங்கள். வெயிலுக்கும் அதுதான் தோது.

தண்ணீர் விஷயம்: வெறுமனே தண்ணீர் என்று கேட்டால் ‘சாதாவா, சோடாவா’ என்று திருப்பிக் கேட்பார்கள். எதைச் சொன்னாலும் பாட்டில் வரும், காசு ஏறும். ‘யூன் காராஃப் தோ’ என்று கேளுங்கள். சாப்பிட உட்கார்ந்தவருக்குக் குழாய்த் தண்ணீர்க் குடுவை இலவசம். 2022 முதல் இலவசத் தண்ணீர் கேட்கலாம் என்பதைக் கடைக்காரர் மெனுவிலோ சுவரிலோ தெரியும்படி எழுதி வைக்க வேண்டும் என்பது சட்டம். ரொட்டியும் அப்படித்தான், தீர்ந்தால் கேட்டு வாங்கலாம். சேவைக் கட்டணம் விலையிலேயே அடங்கிவிட்டது, டிப்ஸ் கட்டாயமில்லை.


செம்புச்சட்டி எழுதியது:

நேரத்தைப் பற்றி அடுப்படி சொல்லிவிட்டார். நான் அந்தக் கெனெலுக்கு வருகிறேன், ஏனென்றால் லியோனில் ஒரு கடை சமைக்கிறதா, சுடவைக்கிறதா என்று காட்டிக்கொடுப்பது அதுதான்.

பால், வெண்ணெய், மாவு மூன்றையும் அடுப்பில் கிளறிக் கெட்டியாக்கி, ப்ரோஷே என்ற ஆற்றுமீனின் சதையை அரைத்துச் சேர்த்து, முட்டை விட்டு அடிப்பார்கள். நீளவாக்கில் உருட்டி, கொதிக்காமல் சிணுங்கும் தண்ணீரில் வேகவைத்து எடுப்பார்கள். இதுவரை முன்கூட்டியே செய்து வைக்கலாம், தவறில்லை. கடைசிக் கட்டம்தான் உயிர்: மண் தட்டில் வைத்து, நன்னீர் இறாலில் செய்த நான்துவா சாஸ் ஊற்றி, ஓவனில் 20 முதல் 25 நிமிடம். உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி, முட்டை அதைப் பிடித்து வைத்துக்கொள்வதால் கெனெல் கிட்டத்தட்ட இரு மடங்கு ஊதும். மேலே பொன்னிறமாக ஏடு கட்டும். மேசைக்கு வந்த இரண்டு மூன்று நிமிடத்தில் மெல்ல அமுங்கத் தொடங்கும். கரண்டி வைத்தால் தானாகப் பிளக்கும்.

மைக்ரோவேவில் சூடு ஒரே சீராகப் பாயாது. ஓரம் கொதிக்கும், நடு ஆறிக் கிடக்கும், முட்டை இறுகி இழுபடும், ஊதவே ஊதாது. நீங்கள் சொன்ன மூன்று அடையாளமும் அதுதான். பத்து நிமிடத்துக்குள் வந்தது என்றால் ஓவன் பக்கமே போகவில்லை. (மதியம் 12.30க்கு நிரம்பி வழியும் கடையில் வரிசையாகத் தட்டுகள் ஓவனில் போய்க்கொண்டே இருக்கும், அங்கே சீக்கிரம் வருவதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. காலியான கடையில் மூன்று மணிக்குச் சீக்கிரம் வருவதுதான் பிரச்சினை.) அடுத்த முறை ஆர்டர் கொடுக்கும்போதே எவ்வளவு நேரமாகும் என்று கேளுங்கள். ‘25 நிமிடம் ஆகும், பரவாயில்லையா’ என்று அவர்களே சொன்னால் நிம்மதியாக உட்காரலாம்.

‘பூஷோன்’ என்று யார் வேண்டுமானாலும் பலகை மாட்டிக்கொள்ளலாம், அது சட்டப் பாதுகாப்பு உள்ள பெயர் இல்லை. அதனால்தான் 2012இல் ‘லே பூஷோன் லியோனே’ என்ற லேபிள் கொண்டுவந்தார்கள். நகரம் முழுக்கச் சுமார் இருபது கடைகளுக்குத்தான் அது உண்டு. பட்டியல் இணையத்தில் இருக்கிறது, யார் எந்தத் தேதியில் விடுப்பு என்று அதை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் போன் போடுங்கள்.

இன்னொரு அடையாளம், 2014 ஜூலையில் வந்த ‘ஃபெ மெஸோன்’ குறி. வாணலிக்கு மூடியாக வீட்டுக்கூரை வைத்த படம். அந்தக் கடையிலேயே பச்சைப் பொருளிலிருந்து சமைத்தது என்று பொருள். இதில் இரண்டு நுணுக்கம் உண்டு. உறைய வைத்த பச்சைப் பொருளை வாங்கிச் சமைத்தாலும் குறி போடலாம், ஆகவே அது புதுசுக்கு உத்தரவாதம் இல்லை. ரொட்டி, பாலாடைக்கட்டி, பதப்படுத்திய தொத்திறைச்சி போன்றவற்றை வெளியிலிருந்து வாங்கலாம். குறி எந்தப் பண்டத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று விரல் வைத்துப் பாருங்கள். சாலட்டுக்கும் பழத்துண்டுக்கும் மட்டும் இருந்து, கெனெலுக்கும் க்ராத்தேனுக்கும் (மேலே ஏடு கட்ட ஓவனில் சுட்டது) இல்லை என்றால் விடை அங்கேயே இருக்கிறது.

மெனுவையும் விலையையும் வாசலுக்கு வெளியே தெரியும்படி வைப்பது கட்டாயம், எனவே உட்காருவதற்கு முன் படித்துவிடலாம். பயேயா (ஸ்பானியச் சோறு), பீட்சா, மூல் (சிப்பி), கெனெல், பர்கர் எல்லாம் ஒரே அட்டையில் படத்தோடு இருந்தால் நகர்ந்துவிடுங்கள். ஐந்தாறு முன்னுணவு, ஐந்தாறு பிரதானம், அதிலும் ஒன்றிரண்டு கோடு போட்டு அடித்திருந்தால் நல்ல சகுனம். ஆகஸ்டில் மெனு இன்னும் சுருங்கும், ஆள் குறைவு. அது குறையே இல்லை. சுத்தம் பற்றிச் சந்தேகம் இருந்தால் ‘அலிம்கோன்ஃபியான்ஸ்’ என்ற அரசுத் தளத்தில் கடையின் சுகாதாரச் சோதனை முடிவைப் பார்க்கலாம், 2017 முதல் வெளியிடுகிறார்கள்.

ஒன்று மட்டும் பட்டவர்த்தனமாகச் சொல்கிறேன். பூஷோன் சமையல் குளிர்காலச் சமையல். குடல், கொழுப்பு, க்ரீம், வெண்ணெய். வெளியே 36 டிகிரி கொளுத்தும்போது, ஏசி இல்லாத கூடத்தில் இதை இரண்டு வேளையும் சாப்பிட்டால் நல்ல கடையிலும் ஏமாற்றம்தான் வரும். ஒரே ஒரு மதியம் பூஷோனுக்கு என்று ஒதுக்கி, மற்ற வேளைகளைக் கோடைச் சாப்பாட்டுக்கு விடுங்கள்.

அப்பாவுக்கு: ‘வொலாய் ஓ வினேக்ர்’ என்று வினிகரில் வெந்த கோழி இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம், புளிப்பும் காரமில்லாத குழம்புமாக நம் நாக்குக்கு ஒத்துவரும். கெனெலும் மீன்தான். ஆனால் ‘ஆந்துய்யெத்’ என்பதை ஏதோ கோழி சாசேஜ் என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள். அது பன்றியின் அல்லது கன்றின் குடலை அடைத்த குழல், வாடை மிகவும் பலம். ‘தப்லியே த சப்பேர்’ மாட்டு இரைப்பை, ‘க்ரா துப்ல்’ என்பதும் அதுவே. மெனுவில் ‘சோசிசோன்’ என்று கண்டாலே பன்றி என்று வைத்துக்கொள்ளுங்கள்.


வன்னிக்காற்று எழுதியது:

அம்மாவின்ரை சாப்பாட்டைப் பற்றி நான் சொல்லுறன். இங்கை மரக்கறிச் சாப்பாடு கேக்கிறது பெரிய வேலையில்லை, ஆனால் எதைக் கேக்கிறது எண்டு தெரியவேணும்.

அந்தச் சாலட்டிலை நடந்தது இதுதான். லியோன் சாலட்டுக்குப் பண்டித் துண்டை (லார்தோன்) சட்டியிலை வறுத்து, வடிஞ்ச கொழுப்போடையே வினிகரை ஊத்திச் சுரண்டி, அந்தச் சூட்டோடை கீரையிலை ஊத்துறவை. ‘சோன் லார்தோன்’ எண்டு சொன்னால் துண்டைத்தான் எடுப்பினம், டிரெசிங் அதே கொழுப்பு. கேக்கிற முறையை மாத்துங்கோ: துண்டும் வேண்டாம், ‘வினெக்ரெத் நொர்மால்’ போடுங்கோ எண்டு சொல்லுங்கோ. எண்ணெயும் வினிகரும் கலந்த சாதா டிரெசிங் எல்லா இடமும் இருக்கும். அதோடை மேலை வாற அவிச்ச முட்டையும் பாணும் அம்மாவுக்குக் காணும்.

அம்மா பயப்பிடாமல் சாப்பிடக்கூடியது ‘செர்வெல் த கன்யூ’. மூளை எண்டு பேர் இருந்தாலும் இறைச்சி ஒண்டும் இல்லை. தயிர் மாதிரியான ஃப்ரொமாஜ் ப்ளானுக்குள்ளை வெங்காயத்தாள், எஷலோத் வெங்காயம், பார்ஸ்லி, எண்ணெய், வினிகர், உப்பு, மிளகு போட்டு அடிச்சது. சில இடத்திலை கொஞ்சம் வெள்ளை வைனும் விடுவினம், கேட்டுப்பாருங்கோ. பாணோடையோ அவிச்ச உருளைக்கிழங்கோடையோ வெயிலுக்கு வலு திறம். ‘க்ராத்தேன் தோஃபினுவா’வும் உருளைக்கிழங்கு, பால், க்ரீம், உள்ளி தான்.

வெங்காய சூப் மாட்டெலும்புத் தண்ணியிலை செய்யிறது, வேண்டாம். பருப்புச் சாலட் எண்டு சொல்லுற லான்திய்யிலை அனேகமாய் பண்டித் துண்டு இருக்கும். மூஸ், பன்னகோத்தா மாதிரி இனிப்புகளிலை ஜெலட்டின் (மிருகத் தோல், எலும்பிலை எடுக்கிறது) இருக்கலாம். பிங்க் நிறத்திலை எல்லா பேக்கரியிலையும் அடுக்கி வைச்சிருக்கிற பிரலின் தார்த்துக்குச் (சீனி பூசின பாதாம் போட்ட இனிப்பு) சில இடத்திலை பூச்சியிலை எடுத்த சாயம் (ஈ120) போடுவினம். பாலாடைக்கட்டி பற்றியும் ஒண்டு: பழைய முறைக் கட்டிகள் கனக்கக் கண்டுக்குட்டி வயித்திலை எடுத்த ‘ப்ரெஸ்யூர்’ போட்டு உறைய வைச்சவை. அம்மா அதையும் தவிர்க்கிறவ எண்டால் ‘ப்ரெஸ்யூர் வெஜெத்தால்’ எண்டு எழுதியிருக்கிறதைத் தேடுங்கோ.

மெனுவிலை போடுற 14 ஒவ்வாமைப் பொருள் அட்டையை நம்பி மரக்கறி எண்டு முடிவெடுக்காதேங்கோ. அதிலை மீன், முட்டை, பால் எல்லாம் வரும், இறைச்சி வராது. பண்டிக் கொழுப்பு இருந்தாலும் அட்டை ஒண்டும் சொல்லாது. ‘நி வியாந்த், நி புவாசோன், நி புய்யோன் த வியாந்த்’ எண்டு போனிலை எழுதி வைச்சுக் காட்டுங்கோ: இறைச்சியும் இல்லை, மீனும் இல்லை, இறைச்சி அவிச்ச தண்ணியும் இல்லை. கடைசி வார்த்தை முக்கியம், அதைச் சொல்லாட்டில் அதை ஒருத்தரும் இறைச்சியாய்க் கணக்கெடுக்காயினம்.

பூஷோனுக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போறதெண்டால் மேசை பதியேக்கையே சொல்லிவிடுங்கோ. நேரை போய் இருந்துகொண்டு கேட்டால் ஆம்லெட்டோடை நிப்பாட்டிவிடுவினம்.


புளியோதரை எழுதியது:

மூவருக்கும் நன்றி. கெனெல் ஏன் அப்படி இருந்தது என்று இப்போதுதான் விளங்குகிறது. இரண்டு கேள்வி பாக்கி. 15ஆம் தேதி அரசு விடுமுறை என்கிறார்கள், அன்றும் ஞாயிறு இரவும் என்ன செய்வது? அப்பாவுக்குச் சர்க்கரை இருப்பதால் இரவு 7 மணியைத் தாண்டக் கூடாது. மெட்ரோ பாஸ் எடுத்திருக்கிறோம், எங்கே வேண்டுமானாலும் போகலாம்.


அடுப்படி எழுதியது:

15 அன்று மதிய ‘ஃபொர்ம்யூல்’ எங்கும் எதிர்பார்க்காதீர்கள், அது வேலைநாளுக்கு மட்டும். திறந்திருக்கும் இடத்தில் முழு மெனு விலைதான். அதனால் முந்தைய நாளே மேசை சொல்லி வையுங்கள், அல்லது வீட்டில் சமையுங்கள்.

7 மணி விஷயத்தில் கறாராக இருங்கள். 7க்குப் பதிவு செய்தாலும் கதவு 7க்குத்தான் திறக்கும், பிரதான உணவு மேசைக்கு வர 7.30, 7.40 ஆகிவிடும். அப்பாவுக்கு ஒத்துவருவது நேர இடைவெளி விடாத இடங்கள். பெராஷ் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் 1836 முதல் இருக்கும் பிராசரி ஜார்ஜ் அப்படிப்பட்ட பெரிய கூடம், ஞாயிறும் உண்டு. நேரத்தை மட்டும் அவர்கள் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். ‘க்ரெப்ரி’களும் உதவும்: கருங்கோதுமை மாவில் முறுகல் தோசை மாதிரி வார்க்கும் ‘கலெத்’. ‘கொம்ப்ளெத்’ என்பதில் ஹாம், முட்டை, சீஸ் மூன்றும் வரும். ஹாமை எடுத்துவிட்டுக் காளான் போடச் சொன்னால் அம்மாவுக்கும் ஆயிற்று. எதிரிலேயே வார்ப்பதால் சூடு, வாடை பற்றிக் கவலையில்லை.

வியூ லியோனிலிருந்து (பழைய நகரம்) மெட்ரோ டி வண்டியில் இரண்டாவது நிறுத்தம் கியோத்தியேர். வியட்நாமிய, சீன, வட ஆப்பிரிக்கக் கடைகள் அங்கே நெருக்கமாக இருக்கின்றன. ஞாயிறு, திங்கள், ஆகஸ்ட் எதற்கும் மொத்தமாகப் பூட்டாத பகுதி அதுதான். கூஸ்கூஸோடு காய்கறிக் குழம்பு கேட்கலாம், குழம்பு இறைச்சியோடு சேர்த்து வெந்ததா என்று மட்டும் விசாரியுங்கள்.


வன்னிக்காற்று எழுதியது:

வீட்டிலை சமைக்கிறதெண்டால் சோன் ஆத்தங்கரை சேன் அந்துவான் சந்தை, இல்லாட்டில் மெட்ரோ சீயிலை ஏறி க்ருவா ரூஸ் சந்தை. ரெண்டும் திங்கள் இல்லை, மற்ற நாளெல்லாம் காலமை மட்டும், மத்தியானத்தோடை கடையைக் கட்டத் தொடங்கீடுவினம். இப்ப பீச் பழமும் தக்காளியும் நல்ல காலம். பழக்காரரிட்டை ‘பூர் ஓஜூர்துய்’ எண்டு சொன்னால் இண்டைக்குச் சாப்பிடுற பதத்திலை, ‘பூர் தெமேன்’ எண்டால் நாளைக்குப் பழுக்கிற மாதிரித் தெரிஞ்சு தருவினம். நீங்களே கையாலை அமத்திப் பாக்காதேங்கோ, அவைக்குப் பிடிக்காது. ஆட்டுப்பால் கட்டியிலை ‘ரிகோத் த கோந்ரியூ’ சின்ன வட்டமாய் இருக்கும், தக்காளியோடை அருமை.

மீன் இல்லாத ‘கெனெல் நத்யூர்’ சூப்பர் மார்க்கெட்டிலையே இருக்கு, அம்மாவும் சாப்பிடலாம். பின்பக்கத்தை வாசிச்சு மாட்டுக் கொழுப்பு இல்லை, வெண்ணெய் மட்டும் எண்டு பாத்து வாங்குங்கோ. ஆளுக்கு ரெண்டு. மூண்டு பேருக்கு அரை லீட்டர் தக்காளிச் சாஸ், கொஞ்சம் தண்ணியாய் இருக்கவேணும், கெனெல் அதைக் குடிச்சுத்தான் ஊதும். தட்டிலை ஒண்டோடை ஒண்டு முட்டாமல் விரல் அகலம் இடம் விட்டு அடுக்கி, ஓவன் 180க்குச் சூடான பிறகு 25 நிமிசம். இடையிலை கதவைத் திறந்தால் அமுங்கிப்போகும். அப்பாவை மேசையிலை இருத்திப்போட்டுப் பிறகு வெளியிலை எடுங்கோ.